ஒரே மேசையில் இரண்டு இருமல்

லா ஷோ-து-ஃபோன் நகரில் நித்தியானந்தனைப் பிடித்து, சுவிஸில் எங்கட சனம் எப்படி இருக்குது என்று யாரும் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், கேட்டவர் அடுத்த பஸ்ஸையும் அதற்கடுத்த பஸ்ஸையும் விட வேண்டியதுதான். பிள்ளைகளின் படிப்பு, வாங்கிய வீடுகள், கோயில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி என்று மனுசன் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். வந்து கடைசியில் நிற்கிற இடம் எப்போதும் ஒன்றுதான். அது பூன்மி.

பூன்மி லாவோஸ்காரர். கைக்கடிகாரங்களின் உலோக உறைகளைச் சுழலும் சில்லில் பிடித்துப் பளபளப்பாக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாக நித்தியானந்தனின் பக்கத்து ஆள். ஒரே நீள மேசை, முழங்கை இடிபடுகிற தூரம். வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் இருவருக்கும் ஒரே கறுப்பு. இருவருமே அறுபதைத் தாண்டியவர்கள். பொதுவாக இருந்த மொழி பட்டறையில் பொறுக்கிய பிரெஞ்சு. அதில் இலக்கணம் இல்லையே தவிர, பகிடியும் சண்டையும் தாராளமாக இருந்தன.

"இவங்கள் எங்களுக்குப் பத்து வருசம் முந்தி வந்தவங்கள்," என்று நித்தியானந்தன் தமிழ்க் கடையில் நின்று சொல்வார். "அரசாங்கமே பிளேன் வச்சுக் கூட்டிக்கொண்டு வந்தது. இறங்கின கையோட அகதி எண்டு அட்டை. வீடு பாத்துக் குடுக்க, பாஷை படிப்பிக்க வெள்ளைக்காரக் குடும்பங்கள். என்ன பிரயோசனம்? மகன் கூரை வேலை. மகள் முதியோர் இல்லத்தில கிழவியளைக் குளிக்க வாக்கிறாள். எங்களை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? எங்கட பிள்ளையள் இண்டைக்கு டொக்டர், இஞ்சினியர்."

பன்மையில் சொன்னாலும் அவருக்கு இருந்தது ஒரே பிள்ளை. சிவதர்சினி, பேர்ண் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் பிரிவில் டொக்டர். இந்தக் கதையைப் பூன்மியின் முகத்துக்கு நேரேயும் அவர் சொல்லியிருக்கிறார். பூன்மி சிரிப்பார்.

"என் மகன் மாலை ஐந்து மணிக்கு வீட்டில் நிற்பான். உன் டொக்டர் எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்.

இதில் நித்தியானந்தன் ஒருநாளும் சேர்த்துக்கொள்ளாத கணக்கு ஒன்று உண்டு. பூன்மி வந்த நாளிலேயே இந்த நாடு அவரை இரு என்றது. நித்தியானந்தனை அப்படிச் சொல்லவில்லை. தற்காலிகம் என்று எழுதிய 'எஃப்' அட்டையை வருடா வருடம் புதுப்பித்து, எப்போது பிடித்துப் பிளேனில் ஏற்றுவார்களோ என்று நெஞ்சு இடிக்க இடிக்கத் தன் வாலிபத்தைக் கழித்தவர் அவர். வேலை செய்கிறவனை அனுப்ப மாட்டார்கள், நோய்வாய்ப்பட்ட வருத்தக்காரனை அனுப்புவார்கள் என்று அந்தக் காலத்தில் ஆரோ சொன்னது எலும்புக்குள் இறங்கிவிட்டது. பூன்மிக்குப் பல் வலித்தால் முழுப் பட்டறைக்கும் தெரியும். நித்தியானந்தன் பனியில் வழுக்கி விலா எலும்பு வெடித்தபோது ஒரு கிழமை, ஏழு நாளும், அதோடேயே மேசையில் இருந்தார். பிறகு சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டே கைக்கு வந்தது. அட்டை போய்விட்டது, பயம் போகவில்லை.

இருமல் இருவருக்கும் ஒரே மாரிக்குளிரில்தான் தொடங்கியது. முதலில் வறட்டு இருமல், பிறகு படி ஏறினால் மூச்சு. தொழிற்சாலையில் தூசியை உறிஞ்சும் குழாய்கள் வெகுகாலம் பேருக்குத்தான் இருந்தன. புதுக் குழாய்கள் வந்தபோது போக வேண்டியது எல்லாம் நெஞ்சுக்குள் போய் முடிந்திருந்தது.

பூன்மியை அவருடைய மகள் நொய் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்த முதியோர் இல்லத்தில் எத்தனையோ நெஞ்சுகளின் ஓசையைக் கேட்டவள். படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்கத் தழும்பு. டொக்டர் அவரை அந்த மேசையிலிருந்து எழுப்பிப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றச் சொன்னார். மருந்து தொடங்கியது. வருத்தம் குறையவில்லை, ஆனால் அந்த இடத்திலேயே நின்றது.

நித்தியானந்தனும் போயிருக்கலாம். வீட்டிலேயே டொக்டர். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் சிவதர்சினிக்குக் கலியாணப் பேச்சு வந்தது.

பெடியன் பெயர் சாயிசன். சூக் நகரில் கணினி வேலை. இரண்டு பேரும் பல்கலைக்கழகக் காலத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பிடித்துக்கொண்டவர்கள். பெரியவர்களுக்கு மிச்சம் இருந்தது முறைக்குப் பேசுவது மட்டும். பெடியனின் தகப்பன் மகேஸ்வரன், உணவகம் ஒன்றில் தலைமைச் சமையல்காரர், முறைப்படியே தொலைபேசியில் கேட்டார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. கேக்கிற முறைக்குக் கேக்கிறன். உங்கட பக்கத்தில பரம்பரை வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே? சீனி, தொய்வு, அப்பிடி ஏதும்?"

தொய்வு என்றால் மூச்சிழுப்பு. அந்தச் சொல்லைக் கேட்டதும் நித்தியானந்தனுக்கு இருமல் வந்தது. தொலைபேசியை உள்ளங்கையால் பொத்தி, அந்தப் பக்கம் திரும்பி இருமி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஒண்டும் இல்லை. கடவுள் புண்ணியத்தில எல்லாரும் நல்ல சுகம்."

அவருடைய தகப்பனுக்குத் தொய்வு. அதைக் கேள்விப்பட்டு அவருடைய அக்காவைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. அக்கா இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் தனியாகத்தான் இருக்கிறார். இது பரம்பரை இல்லை, பட்டறைத் தூசி என்று ஒரு வரியில் மகேஸ்வரனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்ணின் தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம் என்ற முதல் பாதியோடு சனம் காதை மூடிவிடும், இரண்டாம் பாதியை ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கை முழுப் பிழை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மனைவி கலாவதிக்குத் தெரியும். பக்கத்தில் படுக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? "கலியாணம் முடியட்டும், அடுத்த நாளே போவம்," என்று இருவரும் தங்களுக்குள் முடிவு கட்டினார்கள். சிவதர்சினிக்கு விசேட மருத்துவப் பட்டத்துக்கான பரீட்சை இருந்தது. மண்டபம் கிடைக்கவில்லை. நாள் சரிவரவில்லை. கலியாணம் தள்ளித் தள்ளி ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வந்தால் அவர் இருமலுக்கான பாணி மருந்தைக் குடித்துவிட்டு மேசைக்கு வருவார். இருமல் வந்தால் குப்பை போடப் போவார். அந்த வீட்டில் அவ்வளவு குப்பை ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருமுறை மகள் கேட்டாள்.

"அப்பா, உதென்ன மூச்சு வாங்குது?"

"தடிமன், சளிதான். டொக்டரிட்டப் போனனான். படமும் எடுத்தாச்சு, ஒண்டுமில்லையாம்."

டொக்டர் மகளிடம் டொக்டரைச் சாட்சிக்கு இழுத்த பொய். அவளும் நம்பினாள். தகப்பன் சொன்னதைச் சந்தேகப்பட அந்த வீடு அவளைப் பழக்கவில்லை.

இதற்கிடையில் பூன்மி தன் வருத்தம் தொழிலால் வந்தது என்று காப்புறுதிக்கு மனுப் போட்டார். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார், மரியாதையான இளம் மனிதர். காற்றை அளந்தார், புதுக் குழாய்கள் நன்றாக இழுத்தன. பிறகு மேசைக்காரர்களை ஒவ்வொருவராகக் கான்டீனுக்குக் கூப்பிட்டார். அவருக்கு மிகவும் வேண்டியிருந்தது நித்தியானந்தன்தான். அதே மேசை, அதே வருடங்கள், அதே வேலை. ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும் அல்லவா?

"உங்களுக்கு இருமல், மூச்சு வாங்குதல் ஏதாவது?"

"இல்லை."

"குழாயில் ஊதிப் பார்க்கும் ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. விரும்பினால்."

"தேவையில்லை. நல்ல சுகம்."

அதிகாரி தமிழன் இல்லை, சூக்கில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி சொல்லவும் போவதில்லை. ஆனாலும் தொழிற்சாலையில் வேறு தமிழர் இருந்தார்கள், பேச்சுக்குக் கால் முளைக்கும். பயந்த மனிதனின் அந்தப் பொய்யைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். எழுந்து கதவடிக்குப் போனவர் திரும்பி நின்று ஒன்று சொன்னாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பூன்மி முந்திச் சிகரெட் பிடித்தவர்."

ஒருவரும் கேட்காத கேள்விக்கு ஏன் இந்தப் பதில்? தன் சுகத்துக்கும் அவருடைய வருத்தத்துக்கும் ஒரு காரணம் காட்டினால் தன் பொய் நம்பத்தக்கதாக இருக்கும் என்று நினைத்தாரோ? அல்லது இத்தனை வருடமாக எங்கட சனம், உங்கட சனம் என்று அளந்து பழகிய வாய் தானாகவே அளந்ததோ? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பூன்மி வாலிபத்தில் சிகரெட் பிடித்தது உண்மை. மகள் பிறந்தபோது விட்டதும் உண்மை. இரண்டாவதை நித்தியானந்தன் சொல்லவில்லை.

மனு தள்ளுபடி ஆனது. அதே மேசையில் அதே காலம் வேலை செய்தவர் நல்ல சுகத்தோடு இருப்பதால், வருத்தம் தொழிலால் வந்தது என்று கொள்ள முடியாதாம்; முந்திச் சிகரெட் பிடித்ததும் கடிதத்தில் இருந்தது. பெட்டி கட்டும் பகுதியில் அரை நாள் சம்பளத்தோடு பூன்மி ஒதுங்கினார். தேநீர் இடைவேளையில் வழக்கம்போல மேசையடிக்கு வந்து, மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றை உருட்டி ஓர் உருண்டையை நித்தியானந்தன் பக்கம் தள்ளுவார். நித்தியானந்தன் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, மணி அடித்ததும் பைக்குள் போடுவார்.

கலியாணம் சோலோதுர்ன் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. பெண்ணின் தகப்பன் ஓமத்துக்குப் பக்கத்திலிருந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். ஐயர் நெய்யை ஊற்ற ஊற்றப் புகை நேரே அவர் முகத்துக்கு வந்தது. மூச்சை அடக்கி, கண் இரத்தமாகச் சிவக்க, மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். தகப்பன் அழுகிறார் என்று பார்த்தவர்களும் அழுதார்கள்.

அடுத்த நாளே போவோம் என்றது நடக்கவில்லை, விருந்தாளிகள் இருந்தார்கள். இரண்டு கிழமை கழித்து, கடைப் பையோடு ஏற்றத்தில் வந்தவர் பனிக்குள் உட்கார்ந்துவிட்டார். எழும்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்த சிவதர்சினி யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். மாற்று நுரையீரலுக்குப் பிந்திவிட்டது, மருந்துக்கும் பிந்திவிட்டது. இனி ஒட்சிசன் மட்டும், அதுவும் கொஞ்சக் காலம்.

"எவ்வளவு காலமா, அப்பா?"

"கலியாணத்துக்குப் பிறகுதான், பிள்ளை."

கலாவதி நிலத்தைப் பார்த்தாள். மகேஸ்வரன் சூக்கிலிருந்து பழக்கூடையோடு வந்து, "அண்ணை, ஒரு சொல் சொல்லியிருந்தா நாங்கள் என்ன பேயளே?" என்று கண் கலங்கினார். தாலி ஏறிய பிறகு அப்படிச் சொல்வது யாருக்கும் சுலபம். முன்னமே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

பிறகு ஒருநாள் பூன்மி வந்தார். படிகளில் நின்று நின்றுதான் ஏறினார், ஆனால் தன் காலில் ஏறி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில், பழையபடி முழங்கை இடிபடுகிற தூரத்தில் உட்கார்ந்தார்.

"உன் இருமல் எனக்கு எப்போதோ தெரியும், நித்தி. மோட்டாரை நிறுத்தினால் கேட்கும்."

"அந்த அதிகாரியிடம் நீ ஏன் சொல்லவில்லை?"

"உன் மகளுக்குக் கலியாணம் பேசினார்கள். வருத்தம் தெரிந்தால் உங்கள் ஆட்கள் விட்டுவிடுவார்கள் என்று உன் அக்காவின் கதையை ஒருமுறை நீதானே சொன்னாய்."

சிகரெட்டைப் பற்றிப் பூன்மி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நித்தியானந்தனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் போன பிறகு நித்தியானந்தன் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டு வாய்விட்டு அழுதார். அழவும் மூச்சு வேண்டும். பாதியிலே நின்றது.

அந்த அதிகாரியைக் கூப்பிடச் சொன்னார். வந்தார், அதே மரியாதையோடு. பிரெஞ்சில் பேச நித்தியானந்தனுக்கு மூச்சுக் காணாது. தமிழில் சொன்னார், சிவதர்சினி பக்கத்தில் நின்று பிரெஞ்சில் சொன்னாள்.

"மூண்டு வருசமா இருமல்."

அவள் அதைச் சொன்னாள். குரல் டொக்டருடைய குரலாகத்தான் இருந்தது.

"பூன்மிக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒண்டுதான். அவர் பிள்ளை பிறந்த அண்டைக்கே சிகரெட்டை விட்டவர். நான் பொய் சொன்னனான்."

அதையும் சொன்னாள். அதிகாரி எழுதினார். எழுதி முடித்து, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். சிவதர்சினி கேள்வியைத் தமிழாக்கவில்லை. தகப்பனுக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும்.

"மகளின்ர கலியாணம் குழம்பிப்போகும் எண்டு."

அதிகாரி பேனையோடு காத்திருந்தார். அவள் தகப்பனின் மூக்குக் குழாயைச் சரிசெய்தாள். பிறகு அந்த வசனத்தைப் பிரெஞ்சில் சொல்லி முடித்தாள். அவர் எழுதும்வரை நின்றுவிட்டு, தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"குழம்பியிருக்கும். அவ்வளவுதானே, அப்பா?"