பக்கத்து மனையில் வீடு எழும்பியபோது

நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பது சம்பளமும் இல்லாத, லீவும் இல்லாத வேலை. உங்களில் யாராவது அதில் மாட்டியிருந்தால் நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மாட்டாத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டை ஒட்டி எங்கள் நகர். இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். சங்கத்துக்குச் செயலாளராக யாரைப் போடலாம் என்று கேட்டதும் ஆண்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். டீச்சர் கையெழுத்து அழகாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அதோடு என் கதை முடிந்தது. கொஞ்ச நாளில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் இருந்த கரும்புக் கொல்லையை மனை போட்டு விற்றார்கள். சங்கத்துக்கு வேலை வந்தது.

மலை எங்கே போச்சு

அங்கே முதலில் எழும்பியது சலீம் பாய் வீடு. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். எங்கள் சங்கத் தலைவர் நடேசன் சார் தாலுகா ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆனவர். அதிகாரம் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் ஈசிசேர் போட்டு, கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார். பாய் மாடி கட்டியதும் மலை காணாமல் போயிற்று.

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்டு என்னையும் அழைத்துக்கொண்டு பாயிடம் போனார். பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"மலைய நான் எங்கியும் எடுத்துக்கினு போவல சார். அங்கியேதான் கீது. நம்ம வூட்டு மாடிக்கு வந்து பாருங்க, இன்னும் ஜாஸ்தியா தெரியும்."

அரிசி ஊறிய கதை

அடுத்து மழை. புதுமனைக்காரர்கள் மண்ணடித்துத் தரையை உயர்த்தியிருந்தார்கள். அதற்கப்புறம் வந்த முதல் மழைக்கே தண்ணீர் எங்கள் தெருவுக்குத் திரும்பி, கடைசி வீட்டுச் செல்வராணியின் சமையலறைக்குள் புகுந்தது. செல்வராணியின் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் ஷிப்டு வேலை. ஆகவே திட்டு முழுக்க எனக்கு.

புதுமனைக்காரர்களிடம் போய்க் கேட்டேன். போன மழைக்கு உங்கள் தெருத் தண்ணீர்தான் எங்கள் கடைக்கால் குழியில் நின்றது, அதனால்தான் உயர்த்தினோம் என்றார்கள். அதுவும் உண்மைதான். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு தரப்பு நியாயத்தையும் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். செல்வராணி இடுப்பில் கைவைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நீங்க பேசிக்கினே இருங்க டீச்சர். அதுக்குள்ள எங்க வூட்டு அரிசி தானா ஊறிப்பூடும். நாளைக்கு இட்லிக்கு ஆட்டிக்கறேன்."

மேஸ்திரி வரவில்லை

கூட்டம் கூடியது. தெரு முடிவில் குறுக்காகச் சுவர் எழுப்பிவிடுவது என்று நடேசன் சார் தீர்மானம் கொண்டுவந்தார். தண்ணீரும் வராது, அவர்கள் லாரியும் வராது. புதுமனைக்காரர்களுக்கு ரோட்டுக்கு வர எங்கள் தெருதான் வழி. பின்பக்கம் கொல்லைகளுக்கு நடுவே வண்டிப் பாதை மட்டும் உண்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் பெரும்பான்மை. செங்கல் வந்து இறங்கியது. அன்று சாயங்காலம் பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்று, சுவர் வைத்துவிட்டால் அவருடைய வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டார். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் சாதாரணமாகக் கேட்டார். நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.

சுவர் கட்ட ரிஷிவந்தியத்துப் பக்கமிருந்து கோவிந்தன் மேஸ்திரி வருவதாக ஏற்பாடு. வரவேண்டிய நாளில் வந்தார். ஆனால் கல் கட்டுகிற கரணை எடுத்து வரவில்லை. சைக்கிளை விட்டு இறங்காமலே, இடஒதுக்கீட்டு மறியலுக்குப் போவதாகத் தகவல் சொன்னார். சுவர் என்ன ஆவது என்று ஒப்புக்குக் கேட்டேன். உள்ளுக்குள் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"எங்க புள்ளைங்க படிச்சிட்டு சும்மா குந்திக்கினு கீதுங்க டீச்சரம்மா. அதுக்கு ஒரு வழி கேட்டுட்டு வந்து உங்க வழிய அடைக்கறேன்."

சம்பந்தியின் கேள்வி

அந்த வாரம்தான் நடேசன் சார் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வடக்கனந்தல். வாசலில் பந்தல் போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டிய அன்று காலையில் மறியல்காரர்கள் ரோடு முழுக்க மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. மாப்பிள்ளை வந்த வேன் பாதி வழியில் ஒரு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பதாகச் சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். நடேசன் சார் அப்படியே பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே பெண் அழ ஆரம்பித்தாள். எத்தனையோ பேரை அதட்டிய மனுஷர், என்னைப் பார்த்து, "இப்போ இன்னா டீச்சர் பண்றது?" என்று கேட்டபோது எனக்கே கண் கலங்கியது.

சலீம் பாய் காதுக்கு விஷயம் எப்படிப் போனது என்று தெரியாது. யாரும் கேட்காமலே மொபெட்டை எடுத்துக்கொண்டு கொல்லை வழியே போய்விட்டார். மத்தியானத்துக்கு மேல் புதுமனைப் பக்கம் மாட்டு மணிச் சத்தம். முன்னால் புழுதி பூத்த பாய், பின்னால் வரிசையாக டயர் வண்டிகள், வண்டியில் சீர்த்தட்டோடு பெண்கள், நடுவில் பேண்ட் சட்டையில் மாப்பிள்ளை. பாய் வீட்டுக் கிணற்றடியில் எல்லாரும் முகம் கழுவி, அவர் வீட்டில் டீ குடித்து, புடவை மாற்றிக்கொண்டு, சுவர் வரவேண்டிய இடத்தைத் தாண்டி மேளத்தோடு பந்தலுக்குள் வந்தார்கள். நடேசன் சார் பாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்:

"இன்னா சம்பந்தி, இவ்ளோ நல்ல வழி கீது. பத்திரிகைல போட்டிருக்கக் கூடாதா?"

பொதுக்குழு

கல்யாணச் சமையலுக்கு அடுப்புக் கூட்டப் பாதிச் செங்கல் போய்க் கரி பிடித்துவிட்டது. அடுத்த பொதுக்குழுவில், கரி பிடித்த கல்லில் சுவர் வைத்தால் நகருக்கு அழகாக இருக்காது என்று நடேசன் சாரே எழுந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எல்லாரும் மூச்சு விட்டது கேட்டது. மீதிச் செங்கல்லில் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஓடையில் சேர வாய்க்கால் கட்டினோம். கட்டியது கோவிந்தன் மேஸ்திரிதான். செல்வராணி வீட்டு அரிசி அதற்கப்புறம் ஊறவில்லை.

புதுமனைக்காரர்களையும் சங்கத்தில் சேர்த்துக்கொண்டோம். ஒருவழியாக நிம்மதி என்று நான் நோட்டை மூடப்போன நேரத்தில், புது உறுப்பினர் சலீம் பாய் எழுந்து நின்றார்:

"டீச்சர், எங்களுக்குப் பின்னாடி இருக்கற கொல்லையவும் மனை போடறாங்களாம். அவங்க லாரி நம்ம தெரு வழியா வரக் கூடாதுன்னு எழுதிக்கங்க."

சண்டையே இல்லாத நகர் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அங்கே இன்னும் யாரும் குடிவரவில்லை என்று அர்த்தம்.