நைனா காரின் முன் சக்கரம்

அண்ணிக்கு இடுப்பெலும்பு முறிந்ததற்கு நான்தான் காரணம் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நம்புகிறார்கள். யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. நான் போய் உட்கார்ந்தால் பேச்சு விலைவாசிக்கு மாறிவிடும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பேரிங் கடையில் கவுன்டரில் நிற்பதுதான் என் வேலை. கணவர் இறந்த பிறகு சேர்ந்தேன். லாரிக்காரர்கள், மாவு மில்காரர்கள், ஐஸ் பேக்டரிக்காரர்கள் என்று எல்லோரும் தேய்ந்துபோன பேரிங்கைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்து வருவார்கள். அதைப் பார்த்து நம்பர் சொல்ல வேண்டும். போலிச் சாமானும் கூடவே வரும். அட்டைப்பெட்டி, சீல், ஸ்டிக்கர் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். இரும்பைக் கையில் எடுத்தால்தான் தெரியும். அசலில் எழுத்து மெல்லியதாக, ஒரே ஆழத்தில் இருக்கும். ஓரம் விரலைக் கிழிக்காது. போலியில் எழுத்து ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழுந்திருக்கும்.

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மாற்றலாகிப்போன ஒரு அதிகாரியிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கினார். ராயபுரத்து வீட்டு வாசலில் அது நிற்பதில் அவருக்கு ஒரு கர்வம். சக்கரங்களைத் தானே கழற்றி கிரீஸ் வைப்பார். அந்த நேரத்தில் என்னைக் கிட்டே சேர்க்க மாட்டார். பொம்பளப் பிள்ளைக்குக் கையில் கிரீஸ் எதற்கு என்பார். அவர் இறந்த பிறகு வீடும் காரும் அண்ணனோடு இருந்தன. நான் காலடிப்பேட்டையில் இருக்கிறேன். காரைக் கேட்கவும் இல்லை, கேட்கத் தோன்றவும் இல்லை.

ஒருநாள் அண்ணன் கடைக்கே வந்தான்.

"முன்னால ரைட் சைடு வீல்ல ஒரு சத்தம் வருது. ஹூங்குனு. பேரிங்க மாத்தணுமா, இன்னானு நீயே வந்து பாரு."

தண்டையார்பேட்டையில் அண்ணனுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் ஷெட் வைத்திருந்தார். அங்கே போனேன். முன் சக்கரங்களைக் கழற்றி, உள்ளேயிருந்த பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். கிரீஸ் காய்ந்து கறுப்பு மெழுகாகியிருந்தது. பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க எழுத்துகள் தெரிந்தன. நம்பரும், அதன் பக்கத்தில் அதைச் செய்த வெளிநாட்டின் பெயரும் இருந்தன. கார் பேக்டரியை விட்டு வந்தபோது போட்ட அதே பேரிங்குகள். எங்கள் கடையில் அந்த மாதிரிச் சாமான் நான் சேர்ந்ததிலிருந்து ஒன்றுகூட வந்ததில்லை.

ரோலர்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். குழி இல்லை, சூடேறி நீலம் பாய்ந்த தடம் இல்லை. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் இருந்த வளையத்தில் விரலை ஓட்டினேன். எங்கேயும் தட்டவில்லை. துடைத்து, உள்ளங்கையில் கிரீஸ் வைத்து ரோலர்களின் இடுக்கில் ஏறும்வரை அழுத்தி, திரும்பப் போட்டோம். நட்டை இறுக்கி, சக்கரம் தாராளமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்தி, நட்டு கழலாமல் பூட்டும் பின்னை மெக்கானிக் மடக்கினார். சத்தம் போய்விட்டது.

"ஒண்ணும் மாத்த வேணாம்," என்று அண்ணனிடம் சொன்னேன். "இந்த மாதிரி இனிமே கெடைக்காது. கிரீஸ் மட்டும் காயாம பாத்துக்க."

அவனும் சந்தோஷமாகத்தான் காரை எடுத்துப் போனான்.

சில மாதம் கழித்து எண்ணூர் போகும் சாலையில் அந்த வலது சக்கரம் கழன்றுகொண்டது. அண்ணன் ஓட்டினான், அண்ணி பக்கத்தில் இருந்தாள். கார் இழுத்துக்கொண்டு போய் நின்றிருந்த டிரெய்லரில் மோதியது. அண்ணனுக்கு நெற்றியில் தையல். அண்ணிக்கு இடுப்பு.

நான் மருத்துவமனைக்குப் போனபோது வராண்டாவில் சித்தி, சித்தப்பா, அண்ணியின் தம்பி எல்லோரும் இருந்தார்கள். அண்ணியின் தம்பிதான் முதலில் பேசினான்.

"புது சாமான் போடலாம்னுதான் மாமா கேட்டாராமே. நீங்கதான் பழசே போதும்னு சொன்னீங்களாம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் நெற்றிக் கட்டைத் தொட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தான். வலியில் இருக்கிறான் என்று நினைத்தேன். ரோலரில் ஒரு கீறல் என் கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்று நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். கடையில் அந்த வாரம் முழுக்க, கொடுத்த பேரிங்கைத் திரும்ப வாங்கி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

கடைசியில் ஷெட்டுக்குப் போனேன். காரை அங்கேதான் இழுத்து வந்து போட்டிருந்தார்கள். மெக்கானிக் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அத இன்னாத்துக்குக்கா பாக்கறீங்க. எல்லாம் எரிஞ்சி போய்க்கீது."

"எரிஞ்சதத்தான் பாக்கணும்."

ஹப்பைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்தேன். ரோலர்கள் சிதறிப்போய்விட்டன. ஆனால் ஹப்புக்குள் அடித்து ஏற்றும் வளையம் அப்படியே இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அதன் விளிம்பைத் துடைத்தேன். நம்பர் தெரிந்தது. கோணலான எழுத்து, ஒரு பக்கம் அழுத்தம், மறுபக்கம் மங்கல். நாட்டின் பெயர் இல்லை. இடது சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன். அதிலும் அதே கோணல் எழுத்து.

"இது நாம போட்டது இல்ல," என்றேன்.

மெக்கானிக் ஹப்பை எடுத்து ஓரமாக வைத்தார். "அண்ணன் கொண்டாந்த சாமான்க்கா. பழச கயட்டிக் குடுக்கச் சொன்னாரு. குடுத்துட்டேன். உங்களாண்ட சொல்லிட்டுதான் செய்றாருன்னு நெனச்சேன்."

அங்கிருந்து நேராக ராயபுரம் போனேன். அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். உள்ளே கூப்பிடவில்லை. நான் கேட்டதும் அவன் மறுக்கவும் இல்லை.

அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்து வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டர் இருந்தார். பழைய கார்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர். அண்ணன் மகனுக்கு அவரிடம் வேலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சுவாக்கில் அண்ணன் நைனாவின் காரைப் பற்றியும், தங்கை பார்த்துச் சொன்ன அந்தப் பேரிங்குகளைப் பற்றியும் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அதே மாடல் கார் அவரிடமும் இருந்தது. அசல் பேரிங் அதற்கு எங்கேயும் கிடைக்கவில்லை என்றாராம்.

"அவரு வாய் தொறந்து கேட்டாரு. எப்டி மாட்டேன்றது? மறுமாசமே பையனுக்கு வேலை வந்திச்சி."

"அதுக்குப் பதிலு போட்டத என் கடையில வாங்கியிருக்கலாமே."

"உங்கிட்ட வந்தா நீ ஏன்னு கேப்ப."

"எம்மேல ஏன் போட்ட?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "அவ அடிபட்டுக் கெடக்கறா. நான்தான் மாத்தினேன்னு சொன்னா மச்சான் என்னை வுட மாட்டான். கான்ட்ராக்டரு பேரும் வெளிய வரும். பையன் வேலை இன்னா ஆவறது? நீ தனியா கீற. உன்ன யாரு இன்னா செஞ்சிடப் போறாங்க?"

அந்தக் கடைசி வார்த்தையை அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. கணவரும் பிள்ளையும் இல்லாதவள் என்பதால் பழியை வைக்க நான் வசதியான இடமாக இருந்திருக்கிறேன்.

அண்ணியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் வீட்டுக்கு வந்த பிறகு, அண்ணன் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். கட்டிலில் படுத்திருந்தாள். நான் பாதி சொல்வதற்குள் கையை உயர்த்தினாள்.

"தெரியும்."

"எப்போலருந்து?"

"அவரு மாத்தும்போதே தெரியும். எங்கிட்ட சொல்லிட்டுதான் செஞ்சாரு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ளைக்கு இப்பத்தான் ஒரு வழி பொறந்துக்கீது. இத நீ மனசோட வெச்சிக்க. உனக்கு நான் காலத்துக்கும் கடமப்பட்டவ."

அவள் கை சூடாக இருந்தது. நான் என் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணப்பெண் கோயிலிலிருந்து வீட்டுக்கு நைனாவின் காரில்தான் வர வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. நசுங்கிய முன்பக்கத்தை ஷெட்டில் நிமிர்த்தி வாங்கிவிட்டு, பேரிங்குக்காக மறுபடி கடைக்கு வந்தான்.

"நீயே பாத்து நல்ல சாமானாப் போட்டுக் குடு. கல்யாணத்தன்னிக்கி எல்லார் எதிர்லயும் நான் சொல்லிடறேன். உம்மேல தப்பு இல்லன்னு."

நம்பினேன். விடுமுறை நாட்களில் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். துருப்பிடித்த ஹப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் விரல்களின் தோல் உரிந்தது. ஒரு குவியலுக்கு அடியில் நாட்டின் பெயர் பொறித்த பேரிங்குகளோடு ஒரு ஜோடி ஹப்பு கிடைத்தது. ஒன்றில் குழி விழுந்திருந்தது. அதற்கு ஈடு தேட இன்னும் பல வாரம் ஆனது. ரோலர்களை நூல்துணியால் மெருகேற்றினேன். வளையங்களை மெக்கானிக் செப்புக் கட்டையால் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். சக்கரத்தைக் கையால் தள்ளிவிட்டபோது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

கல்யாணத்தன்று மல்லிகைச் சரம் கட்டிய கார் கோயில் வாசலில் நின்றது. பாதிரியாரின் பூசை முடிந்து மணமக்கள் ஏறப் போகும்போது பெண்ணின் அப்பா தயங்கினார்.

"இந்த வண்டியிலதான ஏதோ ஆச்சின்னாங்க."

அண்ணன் சிரித்தான். நான் சில அடி தள்ளித்தான் நின்றிருந்தேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

"அது பழைய சாமான் சம்மந்தி. இப்போ நானே நின்னு எல்லாத்தையும் புதுசா மாத்திட்டேன். தைரியமா ஏறச் சொல்லுங்க."

கான்ட்ராக்டர் முன்வரிசையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தார். அண்ணன் அவரை வரவேற்க ஓடினான். என் பக்கத்தில் நின்ற சித்தி காதோடு சொன்னாள், "இனிமே இந்த ஆம்பள வேலையிலெல்லாம் நீ தலையிடாதம்மா."

சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அதற்கப்புறம் ராயபுரத்து வீட்டுக்கு நான் போகவில்லை. நான் எரிச்சல்காரியாகிவிட்டேன் என்று அண்ணன் சொல்வதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் எதிர்ப்பட்டால் அண்ணி கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று தலையசைப்பாள். நானும் தலையசைத்துவிட்டுக் கடந்துபோவேன்.