புங்கமரத்தடி வெஞ்சனம்

தூக்குவாளியின் மூடியைத் திறந்ததும் பூண்டு தட்டிப்போட்டு வதக்கிய முருங்கைக்கீரையின் வாசனை வரும். அதோடு, எத்தனை சோப்புப் போட்டாலும் பெண்களின் கையை விட்டுப் போகாத வெடிமருந்தின் நெடியும் லேசாக வரும். தாயில்பட்டியில் நாங்கள் குடியிருந்த காலத்தில், ஒரு தீபாவளி சீசனுக்கு முந்தைய மாதங்களில், என் அம்மாவையும் கைப்பிள்ளையான தம்பியையும் தேற்றி எடுத்தது அந்த வாளிதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அம்மா "வெடியாபீசில்" வேலை பார்த்தவள்; பட்டாசு ஆலையை அப்படித்தான் சொல்வோம். அங்கே மத்தியானம் பெண்கள் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, சோற்றில் கை வைக்கும் முன், தொட்டுக்கொள்ளும் கறிகளைப் பங்கிட்டு "வெஞ்சனம் மாத்துவார்கள்". ஒருத்தி கீரை, ஒருத்தி மொச்சை, ஒருத்தி கருவாடு, கோழி வளர்க்கிறவள் முட்டை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து, மற்றவர்களின் மூடியில் கொஞ்சம் கொஞ்சம் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டு அடிச்சட்டி ரசத்தோடு எழுந்துவிடும் அந்தப் பெண்களுக்கு, நாலு வகையும் சேர்ந்து கிடைத்தது அந்த மரத்தடியில் மட்டும்தான். உயிருக்கு உத்தரவாதமில்லாத இடத்தில்தான் உடம்புக்கு நல்லது கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது.

தம்பி பிறந்ததும் அம்மா வேலையை விட்டாள், வெஞ்சனமும் நின்றது. எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைத்தாள். ஒன்றிரண்டு மாதத்தில் முடிய வேண்டிய பத்தியத்தை, பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும் என்று நீட்டிக்கொண்டே போனாள். அம்மாவுக்குச் சோறும் பூண்டு ரசமும். சோறு ஊட்டத் தொடங்கிய தம்பிக்குப் பருப்புத் தண்ணீர் விட்டுக் குழைத்தது. "கீரை குளிர்ச்சி, முட்டை மாந்தம். தாய் தின்னா பால்வழியா பிள்ளைக்கு எறங்கிரும்" என்பாள். கொடுமைக்காரி இல்லை அவள். தன் ஒரே பிள்ளையை ஒரு வயசுக்குள் பறிகொடுத்தவள். பயம் அவளை அப்படிப் பேச வைத்தது. ஆனால் அம்மா எழும்போதெல்லாம் கண் இருட்டிச் சுவரைப் பிடித்தாள். தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினான்.

பக்கத்து வீட்டு மாரியம்மா சித்தியும் அதே ஆபீசில் வேலை பார்த்தாள். அவளுக்கு இது பொறுக்கவில்லை. காலையில் அம்மாவின் காலி வாளியைச் சித்தி எடுத்துப் போவாள். மரத்தடிப் பெண்கள் கெட்டுப்போகாத வெஞ்சனமாகப் பார்த்து ஆளுக்குக் கொஞ்சம் அதில் வைப்பார்கள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "ஒங்கம்மா வராட்டி என்ன, அவ பங்கு வரும்லே" என்று என் கையில் தருவாள். அத்தை குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அம்மா சாப்பிடுவாள்; முட்டையின் மஞ்சளைப் பிசைந்து தம்பியின் வாயில் வைப்பாள்.

தண்ணீர் வராத ஒருநாள் அத்தை வெறுங்குடத்தோடு திரும்பிவிட்டாள். அம்மா மடியில் வாளி, தம்பி உதட்டில் மஞ்சள். அத்தை குடத்தை இறக்கிவிட்டுத் தம்பியையே பார்த்தாள்.

"எம்புட்டு நாளா நடக்கு இது?"

"கொஞ்ச நாளாத்தான் மதினி. கோவிச்சுக்கிடாதீக."

"பிள்ளைக்கு ஒண்ணும் செய்யலையா?"

"ஒண்ணும் செய்யல மதினி. நல்லாத் தூங்குதான்."

மறுநாள் காலையில் அத்தையே வாளியைக் கழுவிக் கொண்டுபோய்ச் சித்தியிடம் கொடுத்தாள். தீபாவளிக்குள் தம்பி வீடு முழுக்கத் தவழ்ந்தான். அம்மா சுவரைப் பிடிக்காமல் நடந்தாள்.

இப்போது அங்கே புங்கமரம் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. வேனில் வந்து இறங்கும் பெண்கள் ஆளுக்கொரு மூலையில் புளியோதரையைத் தின்றபடி போனைப் பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கைப்பிள்ளைகள் கையில் மிக்சர் பாக்கெட் இருக்கிறது. வெஞ்சனம் மாத்துவதைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அத்தை போன வருஷம் இறந்தாள். கடைசி நாட்களில் அம்மாதான் ஊட்டிவிட்டாள். ஒருநாள் வாயருகே வந்த கரண்டியைத் தள்ளிவிட்டு அத்தை கேட்டாள்: "அப்ப நானும் கீர, முட்டைன்னு தின்னு, எம்பிள்ளைக்கும் குடுத்திருந்தா தங்கியிருக்குமோ?"

"இல்ல மதினி. அது வேற சீக்கு" என்றாள் அம்மா, சட்டென்று. அத்தை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பிள்ளையை அம்மா பார்த்ததே இல்லை. அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அது போய்விட்டது.