கடைசிப் பின்னில் கட்டிய கம்பி

கத்தி தானாக இறங்காது என்று அண்ணாச்சி சொன்னார். போனில் ஒருமுறை, நான் பிரஸ்ஸுக்குள் நுழைந்ததும் ஒருமுறை, செருப்பைக் கழற்றுவதற்குள் இன்னொரு முறை. ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. “தானா எறங்குச்சா, யாராச்சும் எறக்குனாகளான்னு பாக்கத்தான என்னையக் கூப்பிட்டீக? மொதல்ல பாக்க விடுங்க” என்றேன். முதலாளியிடம் இப்படிப் பேசுவதால் எனக்கு சிவகாசியில் நல்ல பேர் கிடையாது.

அச்சக மிஷின்களின் எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பிறந்தது நாரணாபுரத்தில். எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை முடித்தால் மறுவாரமே பட்டாசு ஆபீஸ் வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். பட்டாசுக் கம்பெனியை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம், உள்ளே ஒரு நாற்காலிகூட இருக்காது. என் அம்மா இன்றைக்கும் அந்த வேனில்தான் போகிறாள். நான் ஏறமாட்டேன் என்று வீட்டில் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, விருதுநகர் பஸ்ஸில் ஏறி டிப்ளமோ படித்தேன். இப்போது பிரஸ்காரர்கள் என்னை ‘போர்டு பிள்ளை’ என்கிறார்கள். முதலில் கேலியாகத்தான் சொன்னார்கள். அப்புறம் மிஷின் நிற்கும்போதெல்லாம் அதே பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டி வந்தது.

அன்றைக்கு நடந்தது இதுதான். பேப்பர் வெட்டுகிற கட்டிங் மிஷினில் ஆமத்தூரிலிருந்து வரும் ஓர் அக்கா வேலை செய்துகொண்டிருந்தார். ஆவணி மாதம், காலண்டர் சீசன். லேமினேஷன் போட்ட படத்தாள்களை அடுக்கி, கத்திக்குக் கீழே தள்ளி, ஓரம் சரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மிஷினில் இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. அக்காவின் கை உள்ளே இருக்கும்போது கத்தி இறங்கியது. நடுவிரலின் நக நுனி போய்விட்டது. ஒரு நெல்லளவு உள்ளே இருந்திருந்தால் விரலே போயிருக்கும்.

“பட்டனத் தொடலன்னு சொல்லுதா. ஒரு கை உள்ள இருந்தா ரெண்டு பட்டன எப்பிடித் தொட முடியும்? பயத்துல என்னமும் சொல்லுவா. கை பட்டிருக்கும், அம்புட்டுத்தான்” என்றார் அண்ணாச்சி. தான் கேட்ட கேள்வியிலேயே பதில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

அந்த அக்கா ஒன்பது வருஷம் காலண்டருக்குத் தகரம் அடித்தவர். காலண்டரின் தலையில் இருக்குமே, ஒரு தகரப்பட்டை, அதை மடக்கி அடிக்கிற வேலை. பெண்களுக்கு அதுவும் பசை ஒட்டுவதும்தான். கட்டிங் மிஷின் ஆம்பளைகளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் தூக்குவாளியைத் திறக்கும்போது இவர் மிஷின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டார். போன வருஷம் சீசன் நடுவில் ஆபரேட்டர் நின்றுவிட, “நான் வெட்டுறேன் அண்ணாச்சி” என்று போய் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் லோடு ஏறிப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மிஷின் அவருக்குச் சாமி கொடுத்த மாதிரி.

இப்போது அது போகப்போகிறது. திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் தகரம் அடிக்கப் போக வேண்டும், வெளியாள் ஒருவர் மிஷினுக்கு வருகிறார் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். “பொம்பளைகிட்ட மிஷினக் குடுத்தா இப்பிடித்தான்” என்பதையும் சேர்த்துச் சொன்னார். அக்கா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றார். அழவில்லை. “நான் தொடலை” என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணாச்சி மிஷின் நோட்டை நீட்டினார். பழுது பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். “போர்டு நல்லாருக்கு, ஆபரேட்டர் கை பட்டிருக்குன்னு ஒரு வரி எழுதிரு தாயி. நாளைக்கு யாரும் கேட்டா எனக்கு ஒரு பேப்பர் வேணும்.”

கை பட்டிருச்சு. இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊர்ப்பக்கம் எது வெடித்தாலும் புகை அடங்குவதற்குள் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். அம்மா வேலை பார்த்த ரூமுக்கு அடுத்த ரூம் ஒருமுறை வெடித்துப் போனபோதும் இதையே சொன்னார்கள். வெடிமருந்தைச் சொல்ல மாட்டார்கள், வெயிலைச் சொல்ல மாட்டார்கள், அவசரப்படுத்தியவரைச் சொல்லவே மாட்டார்கள். கை. எப்போதும் யாரோ ஒரு ஏழையின் கை. நோட்டை மூடி மேசையில் போட்டேன். “பாத்துட்டு எழுதுறேன் அண்ணாச்சி. பாக்காம எழுத எனக்கு வராது.”

பெட்டியைத் திறந்து மூன்று மணி நேரம் பார்த்தேன். போர்டில் குறை இல்லை. பட்டன்கள் இரண்டும் சுத்தம். பட்டனிலிருந்து வரும் கேபிள் போர்டில் சேருகிற கனெக்டரின் சிக்னல் பின்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கனெக்டர் என்றால் வாசல் மாதிரி, போர்டுக்குள் எது போவதானாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். தேவையான சிக்னலும் போகும், தேவையில்லாத மின் இரைச்சலும் போகும். அதை நாங்கள் நாய்ஸ் என்போம். பக்கத்து மோட்டாரிலிருந்து வரும், வெல்டிங்கிலிருந்து வரும். எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் கனெக்டரின் கடைசிப் பின்னில் ஒரு பச்சைக் கம்பி கூடுதலாகத் தொங்குவதைப் பார்த்தேன். எந்த மடையன் இதைக் கட்டியது என்று வாய்விட்டே கேட்டேன்.

நான்தான் கட்டியிருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏ பிள்ள, இந்த லேமினேஷன் தாள இழுத்தாப் போதும், சுருக்கு சுருக்குன்னு கையில அடிக்கி. மேசையத் தொட முடியல. எதாச்சும் பண்ணு.” வறண்ட காற்றில் அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று உரசினால் கரண்டு சேரும். மேசை ரப்பர் கால்களில் நின்றதால் அது போக வழியில்லை. மேசைக்கு எர்த்து கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு கம்பியை இழுத்து, கைக்கு எட்டிய எர்த்தில் கட்டினேன். அது கனெக்டரின் கடைசிப் பின். ஐந்து நிமிஷ வேலை. அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வெட்கமில்லாமல் குடித்தேன்.

இந்தத் தப்பை வேறு ஊர்க்காரி செய்திருக்க மாட்டாள். பட்டாசு ஆபீஸில் மருந்து ரூமுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணுக்குப் போய்விடும். அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கத்தில் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். எர்த்து என்றால் எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை, எங்கே இருந்தாலும் எர்த்து எர்த்துதான் என்று. ஆனால் அந்தத் தகட்டின் கம்பி நேரே மண்ணுக்குப் போகிறது, நடுவில் யார் வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. நான் கட்டிய கம்பி போர்டுக்குள் புகுந்து, பட்டன் சிக்னல்களை உரசிக்கொண்டு போய், அப்புறம்தான் மண்ணுக்குப் போனது. தாளில் சேர்ந்த கரண்டு ஒவ்வொரு முறை பாயும்போதும் போர்டு அதிர்ந்தது. ஏதோ ஒரு முறை, இரண்டு பட்டனும் அழுத்தப்பட்டதாக அது நினைத்துக்கொண்டது.

உண்மையைச் சொல்கிறேன், கம்பியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று எனக்கும் தோன்றியது. நல்லா தோன்றியது. இந்த ஊரில் முப்பது பிரஸ்ஸில் நான் கை வைத்த போர்டுகள் ஓடுகின்றன. ‘அந்தப் பிள்ளை வேலை பார்த்த மிஷினில் விரல் போகப் பார்த்தது’ என்ற பேச்சு ஒன்று போதும், கடையைப் பூட்டிவிட்டு வேனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுவரோரம் அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார். சீ என்று ஆகிவிட்டது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அக்காவையும் கூப்பிட்டேன். எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். ஒட்டடைக் கம்பை எடுத்து, எட்ட நின்றபடியே லேமினேஷன் தாள்களை மேசைமேல் தள்ளவும் இழுக்கவுமாக இருந்தேன். சடசடவென்று சத்தம் வந்தது. கத்தி அசையவில்லை. “போதும் தாயி, வேல கெடக்கு” என்றார் அண்ணாச்சி. “சும்மா இருங்க அண்ணாச்சி” என்றேன். கை வலிக்க வலிக்க இழுத்தேன். எத்தனையாவது முறை என்று தெரியாது, தடாலென்று கத்தி இறங்கித் தாளை இரண்டாக்கியது. பட்டன் பக்கம் ஒரு ஈ கூட இல்லை.

ஆத்தாடி என்று யாரோ சொன்னார்கள். அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் பச்சைக் கம்பியைத் தூக்கிக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கட்டியது நான் என்பதையும் சொன்னேன்.

அவர் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்தினார். “பிள்ள, வெவரம் தெரியாமப் பேசாத. கம்பியக் கழத்திரு. ஆபரேட்டர் தப்புன்னே இருக்கட்டும். உனக்கும் பேரு கெடாது, எனக்கும் தலவலி இல்ல.”

“அந்த அக்காவுக்கு?”

“அவளுக்கென்ன, தகரம் அடிச்சவதான.”

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. மேசையிலிருந்த நோட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் எழுதினேன்: ‘யார் கையும் படவில்லை. கத்தி தானாக இறங்கியது. மேசை எர்த்தைக் கனெக்டரில் கட்டியது தப்பு. கட்டியது நான்.’ கையெழுத்துப் போட்டு, சத்தமாக வாசித்தும் காட்டினேன். “கிழிக்கணும்னா கிழிங்க அண்ணாச்சி, ஊரு பூரா நானே போய்ச் சொல்லிருவேன். எனக்கென்ன வாய் வலிக்கவா போகுது?” அவர் கிழிக்கவில்லை.

அக்கா நன்றி சொல்வார் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. அவர் பக்கத்தில் வந்து, துணி சுற்றிய விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “அப்ப என் கைய வாங்கப் பாத்தது நீயா?”

“ஆமாக்கா.”

“டீ வேற வாங்கிக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்” என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. கோபப்படட்டும் என்று இருந்துவிட்டேன். அது அவருக்கு உரிய கோபம்.

அந்த இரண்டு நாளும் நான் அங்கேயேதான் கிடந்தேன். மேசைக் கம்பியை போர்டுப் பக்கமே போகவிடாமல், சுவரைத் துளைத்து, பின்கட்டில் இருக்கும் எர்த்துக் குழிக்கு நேரே கொண்டுபோனேன். பழைய பிளாஸ்டிக் கனெக்டரைத் தூக்கி எறிந்துவிட்டு உலோகக் கூடு உள்ளதைப் போட்டேன். கேபிளின் மேலே சுற்றியிருக்கும் கம்பி வலையை முன்பு வால் மாதிரி முறுக்கி ஒரே பின்னில் ஒட்டியிருந்தேன். அந்த வாலே நாய்ஸை உள்ளே கூட்டிக்கொண்டு வரும். இப்போது வலையை விரித்து, கூட்டைச் சுற்றி முழுக்கக் கவ்வும்படி இறுக்கினேன். ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் துணையாக ஓர் எர்த்துக் கம்பியைப் பக்கத்துப் பின்னிலேயே கொடுத்தேன். கேபிளில், நாய்ஸை விழுங்குகிற ஒரு கறுப்பு ஃபெரைட் வளையத்தை மாட்டினேன். இரண்டு பட்டனுக்கும் தனித்தனிக் கனெக்டர், தனித்தனி ரிலே. இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் கத்திக்கு உத்தரவு. புத்தகத்தில் படித்ததெல்லாம் இதுதான். படிக்கும்போது யாருடைய விரலும் அதில் இல்லை.

மூன்றாம் நாள் காலை பிரஸ் வேன் வந்தது. அக்கா இறங்கி நேராக மிஷினுக்கு முன்னால் வந்து நின்றார். வெளியாள் வரவில்லை, அண்ணாச்சியே வேண்டாமென்று சொல்லிவிட்டார். “என்னத்தப் பாக்க? சரியாயிருச்சு, வெட்டு. ரெண்டு ஆர்டர் நிக்கி” என்றார் அவர்.

“இனிமே கத்தி எறங்காதுன்னு யாரு சொல்றது?” என்று கேட்டார் அக்கா.

“அந்தப் பிள்ளதான் சரி பண்ணிருச்சே.”

“அப்ப நீங்க கைய வைங்க அண்ணாச்சி. நான் தாள இழுக்கேன்.”

தகரம் அடிக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணாச்சி போனை எடுத்து, வராத அழைப்பு ஒன்றில் பேசிக்கொண்டே வெளியே போனார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

வாட்சைக் கழற்றினேன். சால்டரிங் அயர்னைப் பிடிக்கிற வலது கையைக் கத்திக்குக் கீழே நீட்டி வைத்தேன். பயமாக இருந்தது. எல்லாம் சரியாகச் செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், போன தடவையும் அப்படித்தான் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் எடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா மிஷினை ஓடவிட்டு, தாள்களை இழுக்க ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு தாளாக உரசி உரசி, மேசை சடசடக்க, அந்தக் கட்டு முழுக்கத் தீரும்வரை இழுத்தார். கத்தி மேலேயே நின்றது.

கடைசித் தாளையும் இழுத்துவிட்டு, விரல் துணியை அவிழ்த்துப் போட்டார்.

“கைய எடு பிள்ள, அது என் எடம்” என்றார்.