டெல்பர்ட் வீட்டுச் சரிவு

விஸ்கான்சின் வடமூலையில், எங்கள் மாவட்டத்துக் குளிர்காலச் சாலைகள் டெல்பர்ட் க்ரூகரின் கைவண்ணம். இருபத்தாறு வருடமாக, சாலை ஐஸை உருக்க உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு எட்டு டன் உப்பைத் தெருவில் கொட்டுகிற மனிதர், வீட்டில் முட்டைமேல் ஒரு சிட்டிகை தூவிக்கொள்ள முடியாது, ரத்தக் கொதிப்பு. உப்புக் குப்பியை மனைவி மார்லிஸ் எங்கே ஒளித்துவைப்பாள் என்பது அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்லும் வேதவாக்கு ஒன்றுதான்: "கடுங்குளிர்ல உப்பு தூங்கிடும். அதை எழுப்பாதே, மண்ணைப் போடு." பக்கத்து வீட்டு ஆர்டிஸிடமும் இதையே எட்டு வருடமாக ஓதிவந்தார். அந்தம்மாள் மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பில் இவருடைய வேலிமரங்கள் பழுப்பேறிவிட்டன. போன ஏப்ரலில் நடந்த சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த ஜனவரியில் மார்லிஸுக்கு இடுப்பெலும்பு மாற்றினார்கள். "விழுந்தா திரும்பவும் கத்திதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வியாழன் மூன்று மணிக்கு அவள் தங்கை காரில் கூட்டிவருவதாக ஏற்பாடு. செவ்வாயன்று, விழுந்த இடத்திலேயே ஐஸாகிவிடுகிற உறைமழை பெய்தது. இரண்டு நாள் டெல்பர்ட் லாரியை விட்டு இறங்கவில்லை. மாவட்டம் முழுக்கச் சாலைகள் கறுப்பாகக் காய்ந்து கிடந்தன. வியாழன் காலை கடுங்குளிர் இறங்கியது. பகல் ஒரு மணிக்கு வீடு வந்து பார்த்தால், சொந்த வாசலின் சரிவு மட்டும் தெருவிலிருந்து படிவரை ஒரே பாளமாக ஐஸ்.

பதற்றம் வந்தால் ஊருக்குச் சொன்ன உபதேசம்தான் முதலில் ஓடிப்போகும். கொட்டகையில், சீஸ் ஆலையில் சீஸ் ஊறிய உப்புத்தண்ணீர் இரண்டு கேன் இருந்தது. லாரி ஓட்டுகிற நாங்கள் சாலைக்கான உப்பை அதில் நனைத்துத்தான் போடுவோம், சிதறாமல் ஒட்டும். இரண்டையும் சரிவில் கவிழ்த்தார். ஐஸ் லேசாக இளகியது. டெல்பர்ட் முகமும் இளகியது. கால் மணி நேரத்தில், இளகிய நீரோடு கலந்து நீர்த்துப்போன உப்புத்தண்ணீர் மறுபடி உறைந்து, கண்ணாடியாக வழவழத்தது. மொசரெல்லா சீஸ் வாசனை வேறு.

சோதித்துப் பார்க்க இரண்டடி வைத்தார். மூன்றாவதில், உட்கார்ந்தபடியே தெருவரை வழுக்கிப் போனார்.

"என்ன டெல்பர்ட், பீட்சா போடறியா?" வேலிக்கு அந்தப்பக்கம் ஆர்டிஸ்.

"மார்லிஸ் மூணு மணிக்கு வர்றா" என்றார், எழுந்திருக்காமலே.

"கடுங்குளிர்ல உப்பு என்ன பண்ணும்னு ஒருத்தர் எட்டு வருஷமா எனக்குப் பாடம் எடுத்தாரே. இன்னிக்கு அவருக்கு லீவா?"

"ஆர்டிஸ், திட்டறதுன்னா அப்புறமா திட்டுங்களேன்."

"சரி, எழுந்திரு. கோழிக்குச் செரிக்கறதுக்கு வாங்கின கல்பொடி நாலு மூட்டை இருக்கு. நீதான் தூக்கணும், என் முதுகு ஆகாது."

மூட்டை எடுக்கப் போனவர் அவள் வாசலைப் பார்த்தார். ஒரு பொட்டு உப்பு இல்லை, கல்பொடிதான்.

"எப்பலேர்ந்து இது?"

"நவம்பர்லேர்ந்து. அதனால நீ சொன்னது சரின்னு ஆயிடுமா? கல்பொடி மலிவு, அவ்வளவுதான்."

கல்பொடியை வெந்நீரில் புரட்டிப் புரட்டி இருவரும் சரிவில் வீசினார்கள். சூட்டோடு விழுந்த கல் ஐஸில் புதைந்து அங்கேயே உறைந்தது. இரண்டரை மணிக்குச் சரிவு சொரசொரவென்று ஆகிவிட்டது. டெல்பர்ட் அதில் நாலு தரம் குதித்தும் பார்த்தார்.

கார் வந்தது. சரிவில் ஏற்றிப்பார்க்கத் தங்கைக்குத் துணிவில்லை, தெருவிலேயே நிறுத்திவிட்டாள். மார்லிஸ் நடைச்சட்டத்தை ஊன்றி அடி அடியாக ஏறினாள். டெல்பர்ட் இரண்டு கையையும் விரித்தபடி, தொடாமல், கூடவே நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்.

பாதி வழியில் அவள் நின்றாள். "டெல், என்ன இது, சீஸ் நாத்தம்?"

"அப்புறம் சொல்றேன். காலைப் பாத்து வை."

"காலை நான் பாத்துக்கறேன். நீ முதல்ல மூச்சை விடு."

நடைச்சட்டம் ஒருமுறைகூட வழுக்கவில்லை. மார்லிஸ் படியேறி, கதவைத் தாண்டி, உள்ளே போய் உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் டெல்பர்ட் மூச்சை விட்டார். வெள்ளையாக, லாரிப் புகை மாதிரி வந்தது.

ஆர்டிஸ் காலி மூட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் டெல்பர்ட்.

"பூட்ஸ் பூரா கல்லு."

"இருக்கட்டும். கல்லோடயே வாங்க."