இரண்டு பச்சைப் புள்ளிகள்

என் சித்தி துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தால் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பேசுவாள். ஒருவரும் வெறுங்கையோடு நழுவ முடியாது. தைராய்டு வந்து கண்கள் பிதுங்கத் தொடங்கியதும் அந்தப் பார்வையே அவளுக்கு எமனானது. "அந்தம்மா ஏன் முறைக்குது?" என்று புகார் வந்தது. முதலாளி அவளைக் கிடங்கில் பெட்டி பிரிக்க அனுப்பிவிட்டார்.

"அங்க துணிதானே இருக்கு, எவ்வளவு வேணா முறைச்சுக்கோ" என்றார் சித்தப்பா.

"கல்யாணமான நாள்லேருந்து உங்களை முறைக்கிறேன். என்ன ஆச்சு உங்களுக்கு?"

திரும்பக் கடைக்குள் நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் ஆசை. கண் மருத்துவர் ஒரு வழி சொன்னார். அவருடைய மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்து ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கண்ணை அசைக்கும் தசைகள் புதிதாக வீங்கியிருக்கின்றனவா, இறுகித் தழும்பாகிவிட்டனவா என்பது படத்தில் தெரியுமாம். "வீக்கம்னா ஊசியில வடிய வைக்கலாம். இறுகிட்டா மருந்து கேக்காதும்மா."

சித்தியைக் குழாய்க்குள் அனுப்பினார்கள். "மேல பச்சைப் புள்ளி தெரியும். அதையே பாருங்க. பேசாதீங்க, அசையாதீங்க."

வெளியே வந்ததும் படம் எடுத்தவர் எரிந்து விழுந்தார். "கண்ணு ஒரு இடத்துல நிக்கல. எல்லாம் கலங்கிப்போச்சு. இனி அஞ்சு மாசம் கழிச்சுதான் இடம்."

பேருந்தில் சித்தி சொன்னாள். "ரெண்டு புள்ளி இருந்துச்சுடா. எதைச் சொல்றாங்கன்னு கேக்க முடியல. ஒண்ணை விட்டுடக் கூடாதேன்னு மாத்தி மாத்திப் பார்த்தேன்."

புள்ளி ஒன்றுதான். மேலே பார்த்தால் அவளுக்கு எல்லாமே இரண்டாகத் தெரிந்திருக்கிறது. கிடங்கில் குனிந்தே வேலை செய்தவளுக்கு அது அன்றுவரை தெரியவில்லை. மறுநாளே ஓடிப்போய்ச் சொன்னோம். "அடுத்த முறை பாத்துக்கலாம்" என்றார்கள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு கண்ணைப் பஞ்சு வைத்து மூடினார்கள். படம் பளிச்சென்று வந்தது. மருத்துவர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இறுகிடுச்சு. இனி ஊசி பிரயோஜனமில்ல, ஆபரேஷன்தான். அதுலயும் பழைய முகம் வரும்னு சொல்ல முடியாது. முதல் தடவையே நீங்க ஒழுங்கா பார்த்திருக்கலாம்."

சித்தி நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"ஏம்மா முறைக்கிறீங்க?"

வழக்கமாகத் தலைகுனிந்து, "என் கண்ணே இப்படித்தாங்க" என்பாள். அன்று குனியவில்லை.

"முறைக்கல, முறைக்கலன்னு ஊருக்கெல்லாம் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு டாக்டர். இப்ப முறைக்கிறேன்."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.