டாக்டர், நான் நல்லாத்தான் சாப்பிடுறேன்!

போன வாரம் செக்காலையில் ஒரு கல்யாணம். மண்டப வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள் எதிர்வீட்டு சரோஜா.

"அடியாத்தி... என்னக்கா இப்பிடி மெலிஞ்சிட்டீக! என்ன டயட்டு? எங்களுக்கும் சொன்னாத்தான் என்னவாம்?"

சொல்லியிருக்கலாம். ரொம்ப சிம்பிள் டயட்தான் சரோஜா. சோற்றை வாயில் போடு. மெல்லு. விழுங்கு. அது நெஞ்சுக்கு நடுவில் வந்து நின்றுகொள்ளும். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடி. இறங்கினால் அடுத்த வாய்... இறங்காவிட்டால் வாஷ்பேசின். ஒரே வருஷத்தில் பதினோரு கிலோ குறையும். கேரண்டி!

சொல்லவில்லை. சிரித்து வைத்தேன். அவளுக்கோ வயிற்றெரிச்சல். 'அக்கா ரகசியத்தைச் சொல்ல மாட்டேங்குது' என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பாள்.

எனக்கே தெரியாத ரகசியத்தை நான் எப்படிச் சொல்வது? ஒரு வருஷமாக நான்கு டாக்டர்களைப் பார்த்தாயிற்று. முதலாமவர் கேஸ் என்றார். இரண்டாமவர் அசிடிட்டி என்றார். மூன்றாமவர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "கேன்சர் இல்லம்மா, எல்லாம் நார்மல்" என்றார். பயந்து செத்துக்கொண்டிருந்தவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் வாசல் கடையில் ஒரு உளுந்த வடை வாங்கித் தின்றேன். நார்மலாக நெஞ்சில் நின்றது!

நான்காமவர்தான் மேதை. என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வீட்டுல ஏதாவது டென்ஷனா சார்? இந்த வயசுல லேடீஸுக்கு இப்படி வரும்" என்றார். தொண்டை என்னுடையது, பதில் சொல்ல வேண்டியவர் அவர்! மனசு அமைதியாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையும் பாதி வழியில் நின்றுகொண்டது.

டாக்டர்களை மட்டும் திட்டினால் போதுமா? என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

நெஞ்சு அடைக்கிறது என்று போய் உட்கார்ந்ததும் முதல் டாக்டர் என்னிடம் நியாயமாகத்தான் கேட்டார். "சாப்பாடெல்லாம் எப்படி?" நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நல்லாத்தான் சாப்பிடுறேன் டாக்டர்!"

ஏன் சொன்னேன்? எங்கள் ஊரில் யார் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும் அதுதானே பதில்? பசியில் காது அடைத்தாலும் 'ஆச்சு' என்போம். 'இல்லை' என்று சொல்லிவிட்டால் கேட்டவர் உலை வைக்க ஓடுவார். இலை போடாமல் விடமாட்டார். அந்தச் சங்கடம் யாருக்கும் வேண்டாமென்று வாய் தானாகவே நல்ல வார்த்தை சொல்லிவிடும். டாக்டர் எனக்காக உலையா வைக்கப் போகிறார்? அந்தப் புத்தி அப்போது வரவில்லை. அவர் ஃபைலில் 'நன்றாகச் சாப்பிடுகிறார்' என்று எழுதினார். அடுத்த மூவரும் அதைப் படித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்கள். மூவரிடமும் நானும் அதையே சொன்னேன். புத்திசாலி!

கல்யாணத்துக்கு மறுநாள் மதுரைக்குப் போனோம். ஐந்தாவது டாக்டர். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஃபைலைப் புரட்டிப் பார்த்தாள், மூடி வைத்தாள்.

"ஒரு இட்லி சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அஞ்சு நிமிசம் ஆகும் டாக்டர்."

என்ன ஒரு நம்பிக்கை!

"நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

அந்த மனுஷர் எங்கே பார்ப்பது? நான் பரிமாறுவேன், அவர் சாப்பிடுவார், கை கழுவுவார், வண்டியை எடுப்பார். அதற்குப் பிறகு நான் தின்றேனா, துப்பினேனா என்பது அடுப்படிச் சுவருக்குத்தான் தெரியும்.

"நாப்பது நிமிசம் ஆகுது டாக்டர்" என்றேன். "படுத்தா தின்னது தொண்டைக்கே திரும்பி வருது. மூணு தலகாணி வச்சுத்தான் படுக்கிறேன்."

வீட்டுக்காரர் திரும்பினார். "கழுத்து வலின்னுல்ல சொன்ன?"

"ஆமா. உங்ககிட்ட அப்பிடித்தான் சொன்னேன்."

சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி எதையோ குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உணவுக்குழாய் மேலே அகலமாக உப்பியிருந்தது, அடியில் கோணிப்பை வாயைக் கட்டியதுபோல் இறுகிக் கிடந்தது. வயிற்றுக்குள் விடும் வால்வு சரியாகத் திறக்கவில்லையாம். அகலேசியா என்று பேர். இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி செய்ய வேண்டும். சரிசெய்ய வழி இருக்கிறது என்றாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டேன். வியாதி இருக்கிறது என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு வருஷமாக என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்திருந்தது ஐயா!

மறுநாள் காலை. வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. "நீ உக்காரு" என்றார். எதிரில் உட்கார்ந்து நான் தின்பதையே பார்த்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. இரண்டு தடவை தண்ணீர் மொண்டு வைத்தார். ஆபீசிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. கடைசி விள்ளல் இறங்கியபோது நாற்பதுக்கும் மேலே ஆகியிருந்தது.

"தெனமும் இப்பிடித்தானா?" என்றார்.

"தெனமுந்தான்."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எழுந்திருக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். அதற்கு எனக்கு ஒரு வியாதி வர வேண்டியிருந்தது... அதுவும், பேர் உள்ள வியாதி!